வில்ஃப் கார்சைட்டின் சுட்டுவிரல்

ஹேவர்டன் டவுன் அணி அந்த ஒரு சீசனில் மட்டும் அறுபத்தெட்டுப் பந்துகளைக் காய்கறித் தோட்டத்துக்குத் தானம் செய்திருந்தது. மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற மில் தொழிலாளிகள் முட்டைக்கோஸ் போட்டிருக்கும் பாத்திகள். முப்பத்தைந்து கஜத்திலிருந்து உதைக்கப்படும் பந்து கோலுக்குள் போகாவிட்டால் அங்கேதான் போகும். ஹேவர்டன் வீரர்கள் முப்பத்தைந்து கஜத்திலிருந்து மட்டுமே உதைத்தார்கள். கோலுக்குள் போனவை இரண்டு. அதிலும் ஒன்று நடுவர் முதுகில் பட்டுத் திசைமாறிப் போனது.

இந்த விவசாயத்துக்கெல்லாம் காரணம் மேனேஜர் வில்ஃப் கார்சைட். ஆனால் அவரைப் பற்றி ஊரில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார்கள். மழையைத் தவிர வேறு எதற்கும் பேர்போகாத அந்த ஊரை இங்கிலாந்து முழுவதும் ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்தது என்றால் அது அவரால்தான். 1971 பிப்ரவரி. கோப்பைப் போட்டி. லண்டனிலிருந்து பெரிய அணி ஒன்று திரைச்சீலை போட்ட பஸ்ஸில் வந்து இறங்கி, சேற்றைப் பார்த்து மூக்கைச் சுளித்தது. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் வில்ஃப் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி வந்தார். வலது கையை நீட்டிச் சுட்டுவிரலால் ஓர் இடத்தைக் காட்டினார். முப்பத்தைந்து கஜத்திலிருந்து உதைத்தார். பந்து கோலின் இடது மேல் மூலையில் போய் அடங்கியது. லண்டன்காரர்கள் வந்த பஸ்ஸிலேயே திரைச்சீலையை மூடிக்கொண்டு திரும்பினார்கள்.

விரல் நீட்டிய அந்தக் கணத்தை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். எங்கே போடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்ட மனிதர் என்று மறுநாள் எழுதினார்கள். அந்தப் படம் ஹேவர்டனில் இல்லாத சுவர் கிடையாது. மதுக்கடைகளில் இருக்கிறது, முடிதிருத்தும் கடையில் இருக்கிறது. பல் மருத்துவர் தன் நாற்காலிக்கு எதிரே மாட்டிவைத்திருக்கிறார், வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வசதியாக. படத்தின் இடது ஓரத்தில் ஒரு காலும் பாதி முழங்காலும் தெரியும். அது நார்மன் ஹிண்டிலுடையது. யாருடையது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து, அந்த முழங்கால்காரர்தான் வில்ஃபின் உதவி மேனேஜர். வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், எதிரணியைப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுப்பதும், கரும்பலகையில் யார் எங்கே நிற்கவேண்டும் என்று வட்டம் போடுவதும் நார்மன். அந்தக் கரும்பலகையின்மேல் கோட்டைக் கழற்றி மாட்டுவது வில்ஃப். பிறகு இடைவேளைப் பேச்சைத் தொடங்குவார்.

"அன்னிக்கு எனக்கு யாராவது வட்டம் போட்டுக் காட்டினாங்களா? இல்ல. நேரா பாத்தேன். கையக் காட்டினேன். அடிச்சேன். அவ்ளோதான் கால்பந்து. போங்க, அடிங்க."

வீரர்களும் போய் அடிப்பார்கள். முட்டைக்கோஸ் கிழவர்கள் தலையில் இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு களை பிடுங்கக் கற்றுக்கொண்டார்கள். அணி நான்காம் டிவிஷனில் கடைசி இடத்தில் உட்கார்ந்தது. கடைசி இடத்தில் முடித்தால் லீகை விட்டே வெளியே போகவேண்டும். அறுபத்தொன்பது வருடமாக லீகில் இருக்கும் அணி அது.

இந்த அழகுக்கு ஊர் யாரைத் திட்டியது என்று நினைக்கிறீர்கள்? நார்மனைத்தான்.

பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் கசாப்புக்கடை ஆர்னல்ட் கிரிம்ஷா உட்காருவார். மைதானத்தில் விற்கும் இறைச்சிப் பை, அதாவது மாவு ஓட்டுக்குள் இறைச்சியும் குழம்பும் வைத்துச் சுட்ட பண்டம், எல்லாம் அவர் கடையில் செய்தது. குரலும் அவர் கடையில் தொங்கும் மாட்டுத்தொடை அளவுக்குக் கனம். ஏப்ரல் கடைசியில் நான்கு கோல் வாங்கித் தோற்ற அன்று அவர் எழுந்து நின்றார்.

"டேய் ஹிண்டில், எங்க தலைவர் காதுல என்னடா ஓதுற? நீ ஆடின காலத்துலயே உனக்குப் பந்து எதுன்னு தெரியாது."

பிறகு வில்ஃப் பக்கம் திரும்பி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டவர்போலக் குரலைத் தணித்தார். "தலைவா, நீங்க மனசு விடாதீங்க. உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

மேனேஜர் ஒருவருடைய அணி நான்கு கோல் வாங்கினால் அதில் அவர் தப்பு ஒன்றுமே இருக்காதா என்று வில்ஃப் யோசித்தார். ஆனால் கை அசைத்துச் சிரித்தார். பத்தொன்பது வருடமாக அந்தக் கை அதற்குப் பழகியிருந்தது. அரங்கம் முழுக்க "ஹிண்டில் அவுட்" என்று ராகம் போட்டுப் பாடியது. நார்மன் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வியாழக்கிழமை காலை கிளப் தலைவர் கிளிஃபர்ட் பேம்பர் வில்ஃபைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேம்பருக்கு ஊரில் மெத்தைக் கடை. கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், சனிக்கிழமை மூன்று மணிக்கு அது நடக்கும் என்பதுதான்.

"வர்ற சனிக்கிழமை கடைசி மேட்ச். டிரா பண்ணா போதும், லீக்ல இருப்போம். அதுக்கு முன்னால ஒரு மணிக்கு உங்க சிலைத் திறப்பு. இந்த டிவிஷன்ல வேற எந்த கிளப்புக்கு இருக்கு சொல்லுங்க, சிலை?"

"பதினோரு பேர் நல்லா ஆடுறவங்க இருந்தா அது பெரிசு," என்றார் வில்ஃப்.

"அதுவும் வரும். அப்புறம் ஒரு சின்ன விஷயம். சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் நார்மனை அனுப்பிடலாம்னு இருக்கேன்."

வில்ஃப் நாற்காலியில் நிமிர்ந்தார். "நார்மனையா? எதுக்கு?"

"ஜனங்க கேக்குறாங்களே. யார் பேரைச் சொல்லி 'அவுட்'னு கத்துறாங்களோ அவங்க போகணும். அதுதானே ஜனநாயகம்."

"அவன் இல்லன்னா இந்த டீம் பஸ் ஏறக்கூடத் தெரியாது. நாப்பத்தாறு வயசு அவனுக்கு. பந்தைத் தவிர வேற எதுவும் தெரியாதவன்."

"புரியுது. ஆனா நீங்க வர்றதுக்கு முன்னால ரெண்டு வருஷம் அவங்க யார் பேரைக் கத்தினாங்க தெரியுமா? என் பேரை. என் பொண்ணு கல்யாணத்துல சர்ச்சுக்கு வெளிய நின்னு கத்தினாங்க. உங்களைக் கொண்டுவந்தேன், மறுநாள்லேர்ந்து நிம்மதி. யாராலயும் உங்களைத் திட்ட முடியாது. நீங்க எனக்குக் குடை மாதிரி."

அவர் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மெத்தை விற்பவர்களுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வரும்.

வில்ஃப் வெளியே வந்தார். பிரதான வாசலுக்கு எதிரே பீடத்தின்மேல் சிலை தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் பழைய குழாயும் கதவுக் கைப்பிடியும் கொண்டுவந்து கொடுத்து வார்த்த பித்தளைச் சிலை. தார்ப்பாய் எல்லா இடத்தையும் மூடியிருந்தது, நீட்டிய கையைத் தவிர. வெளியே தெரிந்த அந்த விரலையே வில்ஃப் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த விரல் கோலைக் காட்டவில்லை. அது வில்ஃபுக்குத் தெரியும். நார்மனுக்கும் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அன்று நார்மன் இடது பக்கம் தன்னந்தனியாக, காவல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். உள்ளே ஓடு, பந்து தருகிறேன் என்று சொல்லத்தான் வில்ஃப் கையை நீட்டினார். நார்மன் ஓடினான். வில்ஃப் பாஸ் கொடுத்தார். நின்ற கால் சேற்றில் வழுக்கியது. பந்து எக்குத்தப்பாகப் பட்டு மேலே எழும்பி, காற்றில் வளைந்து, யாரையும் கேட்காமல் கோலுக்குள் போனது. எல்லோரும் வந்து மேலே விழுந்து அமுக்கியபோது அடியில் கிடந்த வில்ஃப், எழுந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். எழுந்திருக்க விடவில்லை. இரண்டு வருடத்தில் அதைச் சொல்ல வெட்கமாகிவிட்டது, பத்து வருடத்தில் அவரே பாதி நம்பத் தொடங்கிவிட்டார். கால் வழுக்கிய ஒரு தப்பைப் பாடமாக வைத்துக்கொண்டு இந்த வருடம் இருபது பேரைப் பரீட்சை எழுதவைத்திருக்கிறார். நார்மன் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

ஆக, சனிக்கிழமை ஒரு மணிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். உண்மை தெரிந்தால் ஊர் தன்னைத் திட்டும், நார்மனை விட்டுவிடும் என்று கணக்குப் போட்டார். தன் ஊரைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை தூறல். வாசலில் நாலாயிரம் பேர். பேம்பர் கயிற்றை இழுத்தார், தார்ப்பாய் விழுந்தது. சிலையின் மூக்கு வில்ஃப் மூக்கைவிட நன்றாகவே இருந்தது. பித்தளை வாத்தியக் குழு ஊதி முடித்ததும் வில்ஃப் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா சொல்லிருக்கணும். அன்னிக்கு நான் கோலுக்கு அடிக்கவே இல்ல. நார்மன் தனியா நின்னான். அவனை ஓடுன்னு கை காட்டினேன். அவனுக்குத்தான் பாஸ் பண்ணேன். கால் வழுக்கிடுச்சு, மிச்சத்தைக் காத்து பாத்துக்கிச்சு. இந்த விரல் அவனைத்தான் காட்டுது. இந்த வருஷம் நாம தோத்ததுக்கும் நான்தான் காரணம், அவன் இல்ல."

ஆர்னல்ட் கிரிம்ஷா தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாய்யா மனசை? கூட்டாளி வேலையைக் காப்பாத்த தன் கோலையே தூக்கிக் குடுக்குறாரு. யாருக்கு வரும்?"

நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி வாய்விட்டே அழுதார். வில்ஃப் ஒலிபெருக்கியில், "இல்லய்யா, நிஜமாத்தான் சொல்றேன்" என்றார். கைதட்டல் இன்னும் ஏறியது.

"அந்த ஹிண்டில்தான் இப்படிச் சொல்லச்சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தியிருப்பான்," என்று யாரோ சொன்னார்கள். "வெக்கமே இல்லாம கேட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு." மேட்ச் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே "ஹிண்டில் அவுட்" தொடங்கிவிட்டது. வாத்தியக் குழுவில் ஒருவர் அதற்கு ஏற்றபடி முரசும் தட்டினார்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் நார்மன் வில்ஃபைப் பிடித்துக்கொண்டார்.

"அறிவிருக்காடா உனக்கு? யார் கேட்டா இதை உன்கிட்ட?"

"பேம்பர் இன்னிக்கு உன்னை அனுப்பப்போறான். ஜனங்க உன் பேரைக் கத்துறாங்கன்னு."

"தெரியும். அவன் கார் டிரைவர் செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டான். அதுக்கு நீ பண்ண வைத்தியம் நல்லா இருக்கு. காலைல என்னைத் திட்டத்தான் செஞ்சாங்க, இப்ப தூக்குல போடலாமான்னு யோசிக்கிறாங்க."

வில்ஃப் சுவரில் சாய்ந்தார். உண்மையைச் சொன்னாலும் மாலை போடுகிறார்கள் என்றால் மனிதன் என்னதான் செய்வது? உள்ளே கரும்பலகையில் நார்மன் காலையிலேயே போட்டுவைத்த வட்டங்கள் தெரிந்தன. ஆறு வட்டம் பின்னால், மூன்று வட்டம் அவற்றுக்கு முன்னால், ஒன்று மட்டும் தூரத்தில் அநாதையாக.

"அது என்ன?"

"டிரா. அதைவிட அசிங்கமா ஒரு ஆட்டம் கிடையாது. பின்னால ஆறு பேர். பந்து கிடைச்சா கோல்கீப்பர்கிட்ட திருப்பிக் குடு. அவன் புடிச்சு வச்சுக்கட்டும். தூரத்துலேர்ந்து ஒருத்தன் அடிக்கக் கூடாது. நீ எப்படியும் அதுமேல கோட்டு மாட்டப்போற, சும்மா கை பழக்கத்துக்குப் போட்டேன்."

வில்ஃப் கோட்டைக் கழற்றவில்லை. "இப்படி ஆடினா ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"கொன்னுடுவாங்க."

"யாரை?"

நார்மன் வில்ஃபின் முகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக, "வேணாம்டா" என்றார்.

"நீ பசங்ககிட்ட விளக்கிச் சொல்லு. வெளிய வந்ததும் பெஞ்சுல கடைசில போய் உக்காரு, வாயே திறக்காத. எல்லைக்கோட்டு ஓரத்துல நான் மட்டும் நிக்கிறேன்."

எதிரணி பட்டியலின் நடுவில் இருந்தது. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அவர்களுடைய வீரர்களில் பாதிப்பேர் மனதளவில் ஏற்கெனவே ஸ்பெயின் கடற்கரையில் படுத்திருந்தார்கள். அவர்களைக்கூட எழுப்பி உட்காரவைத்துக் கொட்டாவி விடச்செய்யும் ஆட்டத்தை ஹேவர்டன் ஆடியது. பந்து கிடைத்தது, பின்னால் போனது, கோல்கீப்பர் டெரி கிளெக், அன்றைய விதி அனுமதித்தபடி, அதைக் கையில் எடுத்து அணைத்துக்கொண்டு வானிலை பார்த்தான். பத்து நிமிடம் கூட்டம் சிரித்தது. ஏதோ வில்ஃபின் தந்திரம், இப்போது பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். இருபதாவது நிமிடத்தில் முணுமுணுப்பு. இடைவேளையில் சூடான இறைச்சிச் சாறு குடித்துக்கொண்டே அது பெரிதானது. தோட்டக்காரக் கிழவர்கள் மட்டும் அந்த வருடத்தில் முதல்முறையாகத் தொப்பி இல்லாமல் நடமாடினார்கள்.

"ஹிண்டில்," என்று தொடங்கிய ஆர்னல்ட், பெஞ்சின் கடைசியில் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்த நார்மனைப் பார்த்துக் குழம்பினார். அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை. எல்லைக்கோட்டு ஓரத்தில் நின்று, பின்னால், பின்னால் என்று கத்திக்கொண்டிருந்தது வேறு ஆள்.

அறுபத்தேழாவது நிமிடம். முன்வரிசை ஆட்டக்காரன் மார்க்குக்கு வடக்குக் கோலைப் பார்த்தபடி பந்து கிடைத்தது. முப்பத்தைந்து கஜம். எதிரே யாரும் இல்லை. எதிரணிக் கோல்கீப்பர் மட்டும் முன்னால் வந்து நின்றிருந்தான். ஊரே எழுந்து நின்றது. "அடி" என்று நாலாயிரம் தொண்டைகள் ஒன்றாகச் சொல்லின. மார்க் ஓரக்கண்ணால் மேனேஜரைப் பார்த்தான்.

வில்ஃப் வலது கையை நீட்டினார். சுட்டுவிரலை நீட்டினார். படத்தில் இருப்பது மாதிரியே, சிலையில் இருப்பது மாதிரியே, பல் மருத்துவர் சுவரில் இருப்பது மாதிரியே. விரல் தன்னுடைய கோல்கீப்பரைக் காட்டியது.

மார்க் திரும்பி, அறுபது கஜம் பின்னால் நின்ற டெரி கிளெக்குக்குப் பந்தை உருட்டினான்.

அரங்கத்தில் அப்படி ஒரு அமைதியை வில்ஃப் கேட்டதில்லை. ஆர்னல்ட் மெதுவாக எழுந்தார். பத்தொன்பது வருடம் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்த விரல் அது. அதை வைத்து ஒருவர் பின்னால் காட்டுவதா? முகம் சிவந்தது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனாலும் மைதானம் முழுக்கக் கேட்டது.

"கார்சைட், உனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. "கார்சைட் அவுட்" முதலில் கிழக்கு அரங்கில் பிறந்தது, இரண்டு நிமிடத்தில் நான்கு பக்கமும் பரவியது. ராகம் அதேதான், பேரைத்தான் மாற்றிக்கொண்டார்கள். பாதி தின்ற இறைச்சிப் பை ஒன்று பறந்து வந்து வில்ஃபின் தோளில் பட்டுக் குழம்பு கோட்டில் வழிந்தது. இதைத்தான் அவர் கேட்டு வாங்கினார். வலிக்கும் என்று தெரிந்துதான் நின்றார். இவ்வளவு வலிக்கும் என்று தெரியவில்லை. அந்த இருபத்துமூன்று நிமிடமும் கையைக் கீழே போடாமல், கண்ணைத் துடைக்காமல் எல்லைக்கோட்டு ஓரத்திலேயே நின்றார். மழை இருந்தது சௌகரியமாகப் போயிற்று.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஹேவர்டன் டவுன் லீகில் தப்பியது. கூட்டம் மைதானத்துக்குள் ஓடிவந்து வீரர்களைத் தோளில் தூக்கியது, தூக்கிக்கொண்டே மேனேஜரைத் திட்டியது. வில்ஃப் கோட்டைத் துடைத்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் பேம்பரின் மெத்தைக் குரல் வந்துவிட்டது. வில்ஃப் கார்சைட்டும் கிளப்பும் மனமொத்துப் பிரிகிறார்களாம். அந்த மனமொத்த முடிவை வில்ஃபும் மற்றவர்களோடு சேர்ந்து அப்போதுதான் கேட்டார். குடை கிழிந்துவிட்டால் அதை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? அடுத்த மேனேஜர் நார்மன் ஹிண்டில் என்றும் அறிவிப்பில் இருந்தது. சாவிக்கொத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது அறிவிப்பில் இல்லை.

ஐந்தரை மணிக்கு வில்ஃப் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூட்டம் கலைந்திருந்தது. நாலரை மணி நேரத்துக்கு முன் திறந்த சிலையின் விரலில் யாரோ ஓர் இறைச்சிப் பையைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். குழம்பு பித்தளை மணிக்கட்டில் ஒழுகியது. வில்ஃப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து நின்றார் நார்மன். கையில் சாவிக்கொத்து.

"இது ஆர்னல்ட் கடைப் பை," என்றார் நார்மன். "முழுசா இருக்கு. கடிக்கக்கூட இல்ல. ரொம்பக் கோவம்போல."

"ஒரு தடவையாவது நீ கேட்டிருக்கலாம்ல," என்றார் வில்ஃப். "பத்தொன்பது வருஷம். ஏன்டா சொல்லலன்னு ஒரு தடவை."

"கேட்டா? பந்து வந்துடுமா?" நார்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மழையில் அது துடைபடவில்லை. "காவலே இல்லாம நின்னேன்டா அன்னிக்கு. கோல்கீப்பர்கூட என்னைப் பாக்கல. ஊர்லேர்ந்து எங்கப்பா வந்து உக்காந்திருந்தார். சும்மா கால் வச்சிருந்தா போதும், உள்ள போயிருக்கும்."

"தெரியும். அதான் உன்கிட்ட குடுத்தேன்."

"ம். இன்னிக்குத்தான் வந்து சேர்ந்துச்சு."

தோட்டத்துப் பக்கம் ஒரு கிழவர் சக்கரவண்டி நிறையப் பழைய பந்துகளைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் வில்ஃப்.

"என்னது?"

"பாஸ்."

நார்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யோசித்தார். "பரவால்ல. கொஞ்சம் எனக்குப் பின்னால விழுந்துது."

"நீ எப்பவும் மெதுவாத்தான்டா ஓடுவ," என்றார் வில்ஃப். எக்கி, சிலையின் விரலிலிருந்து இறைச்சிப் பையை எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை நார்மனிடம் நீட்டினார்.